வாரம் ஒரு 'மன உறுதி' வகுப்பு: ஒரு வகுப்பாசிரியரின் கேள்விக்குப் பதில்

வாசகர் கேள்வி: உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருக்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளையை 'மன உறுதி வகுப்பு' என்று ஒதுக்கியிருப்பதாகவும், அதற்கான ஓராண்டுத் திட்டத்தை நானே எழுதித் தரவேண்டும் என்றும் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். எனக்கு உளவியலில் பயிற்சி இல்லை. எங்கள் பள்ளியில் முழுநேர ஆலோசகரும் இல்லை. தேர்வு நாள்களில் மட்டும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் மாணவி ஒருத்தி, நண்பர்களிடமிருந்து விலகிப்போன மாணவன் ஒருவன், "யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே?" என்று கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போன இன்னொருவன் என்று என் வகுப்பிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். சக ஆசிரியர்கள் சிலரோ, "நாம் படித்த காலத்தில் இதெல்லாம் இருந்ததா? பிள்ளைகளைத் தொட்டாற்சிணுங்கி ஆக்காதீர்கள்" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி திட்டத்தைப் பற்றியதாக இருந்தாலும், ஒரே வரியில் சொல்லிச் சென்ற மூன்றாவது மாணவனிடமிருந்தே தொடங்குகிறேன். திட்டம் அடுத்த மாதம் வரை பொறுக்கும். அவன் விஷயம் பொறுக்காது. "யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே?" என்று கேட்ட பிள்ளை, உங்களை நம்பிச் சொல்லலாமா என்று ஆழம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவனாகவே இன்னொரு முறை வருவான் என்று காத்திருக்காமல், நாளைக்கே நீங்கள் அவனை அணுக வேண்டும். ஆசிரியர் அறைக்கு வரவழைத்து எதிரில் நிற்கவைத்துக் கேட்டால் வாய் திறக்கமாட்டான். இந்த வயதுப் பிள்ளைகளில் பலருக்கு, முகத்துக்கு நேரே பேசுவதைவிட, கூடவே நடந்துகொண்டோ நோட்டுகளை அடுக்கிக்கொண்டோ பேசுவது எளிதாக இருக்கிறது. "அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தாய், நான் அதை மறக்கவில்லை" என்று மட்டும் சொல்லித் தொடங்குங்கள். அவன் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதிலையும் அப்போதே கொடுத்துவிடுங்கள்: "நீ சொல்வதைத் தேவையில்லாத யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால், அல்லது யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றால், உதவக்கூடியவரிடம் சொல்லியே ஆகவேண்டும். அப்படிச் சொல்வதானாலும் உனக்குத் தெரியாமல் சொல்லமாட்டேன்." இதைக் கேட்டு அவன் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போகக்கூடும். இருந்தாலும், காப்பாற்ற முடியாத ரகசியத்துக்கு வாக்குக் கொடுத்து, பிறகு அதை மீறினால், பெரியவர்கள் எவரையும் அவன் மறுபடி நம்பமாட்டான்.

அவன் பேச்சில் "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற தொனி தென்பட்டால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் ஆசிரியர்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பகுதியினரிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, மற்றவர்களிடம் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டது சற்று ஆறுதலாகவே இருந்தது. பதில் 'ஆம்' என்றால், அவனைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து, மருத்துவரிடமோ மனநல வல்லுநரிடமோ கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். துன்புறுத்தல் வீட்டிலேயே நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் வரிசை மாறும்: பெற்றோரிடம் போவதற்கு முன் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போக வேண்டும். அவனைக் குணப்படுத்துவது உங்கள் பொறுப்பு அன்று. நடுவழியில் கைவிட்டுவிடாமல், அடுத்தவர் கையில் பத்திரமாக ஒப்படைப்பதே உங்கள் பொறுப்பு.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். வாரம் ஒரு பாடவேளையில் மன உறுதியைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்ற யோசனையின் அடியில், அது பிள்ளையின் உள்ளே இருக்க வேண்டிய ஒரு சரக்கு, இல்லாதவருக்கு நாம் ஊட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. நெடுங்கால ஆய்வுகள் காட்டுவது வேறு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று பல இடர்கள் ஒன்றுசேர்ந்த சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், திறமையும் பரிவும் உள்ள பெரியவர்களாக வளர்ந்து நின்றார்கள். அவர்களுக்கென்று பிறவிக் குணங்களும் உதவின என்பது உண்மை. ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்ட அம்சம், அவர்கள் ஒவ்வொருவருக்கும் நிலையாகத் துணைநின்ற ஒரு பெரியவராவது இருந்தார் என்பதே. பாட்டி, அண்டை வீட்டார் ஆகியோரோடு ஆசிரியர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். இந்தத் துறையில் பல்லாண்டுகள் உழைத்த ஆன் மாஸ்டன், இடர்களிலிருந்து மீண்டெழுதல் அபூர்வமான சிலருக்கு வாய்த்த வரம் அல்ல, சாதாரணமான உறவுகளும் ஏற்பாடுகளும் பழுதில்லாமல் இயங்கும்போது நிகழ்வது என்று 2001-இல் எழுதினார். எனவே உங்கள் திட்டத்தில் முதலில் இடம்பெற வேண்டிய கேள்வி, எந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் யார் இருக்கிறார் என்பதுதான். பாடத்தலைப்புகளை அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

வகுப்பு வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வகுப்பால் என்ன முடியும் என்பதில் மிதமான எதிர்பார்ப்பு நல்லது. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே நடந்து 2022-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், பயிற்சிபெற்ற ஆசிரியர்கள் நடத்திய, அந்தந்தக் கணத்தில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கப் பழக்கும் மனவிழிப்புப் பயிற்சி வகுப்புகள், வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்புகளைவிட மாணவர்களின் மனநலத்தைக் கூடுதலாக மேம்படுத்தவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பயிற்சியை வீட்டில் செய்துகூடப் பார்க்கவில்லை. மாறாக, பத்து ஐரோப்பிய நாடுகளின் 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடையே நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சில வாரங்களுக்குள் முடிந்துவிடும் ஒரு சிறு பயிற்சி, ஓராண்டுக்குப் பிறகு தற்கொலை முயற்சிகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அதில் பிள்ளைகள் உபதேசம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தங்களுக்கு நேரும் இக்கட்டுகளைத் தாங்களே நடித்துப் பார்த்து, விவாதித்து, உதவி எங்கே கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டார்கள். நடத்தியவர்களும் அவர்களுக்கு மதிப்பெண் போடுகிற ஆசிரியர்கள் அல்லர். அதே ஆய்வில், அறிகுறிகளைக் கண்டுகொள்ள ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று பீகாரிலிருந்து வருகிறது. அங்கே 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், சில பள்ளிகளில் மருத்துவப் பட்டமோ உளவியல் பட்டமோ இல்லாத, ஆனால் இந்த வேலைக்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்தப்பட்ட ஒருவர் பொறுப்பேற்றார். சில பள்ளிகளில் அதே பணி ஆசிரியர் ஒருவரிடம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. முதல் வகைப் பள்ளிகளில் பள்ளிச் சூழலே மேம்பட்டு, துன்புறுத்தலும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியரிடம் விடப்பட்ட பள்ளிகளில் பலன் ஏதும் தென்படவில்லை. இதனால் ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கில்லை. பாடமும் விடைத்தாளும் ஏற்கெனவே தலைக்குமேல் இருக்கும் ஒருவர் மேல் இன்னொரு முழுநேர வேலையை ஏற்றினால் அப்படித்தான் ஆகும். தன்னைத் திருத்தவும் தண்டிக்கவும் அதிகாரம் உள்ளவரிடம் மனம்திறக்கப் பிள்ளைகளும் தயங்குவார்கள். ஆகவே தலைமையாசிரியரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பாடப்புத்தகம் அன்று, வாரத்தில் ஓரிரு நாளாவது வந்துபோகிற, மதிப்பெண் போடாத ஒரு ஆள்.

அந்தப் பாடவேளையை எதற்குப் பயன்படுத்தலாம் என்றால், கோபம், அவமானம், பொறாமை போன்றவற்றைப் பெயர்சொல்லி அடையாளம் காண்பது, நண்பர்களுக்குள் வரும் சண்டையை எப்படித் தீர்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, நண்பன் ஒருவன் ஆபத்தான ரகசியத்தைச் சொன்னால் என்ன செய்வது என்பவற்றை நடித்துப் பார்க்கலாம். பதின்வயதினர் தங்கள் துயரத்தை முதலில் சொல்வது பெரும்பாலும் இன்னொரு பதின்வயதினரிடம்தான். அதைக் கேட்டவர் நட்புக்குத் துரோகம் ஆகிவிடுமோ என்று பயந்து மனத்துக்குள்ளேயே பூட்டிவைத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கிறது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வகுப்பின் நடுவில் எழுந்துநின்று அவரவர் துயரத்தைச் சொல்லச் சொல்லாதீர்கள். சொல்பவருக்கு அன்றைக்குக் கைதட்டல் கிடைக்கும், மறுநாளிலிருந்து கேலி தொடங்கும். சுவரெங்கும் தன்னம்பிக்கை வாசகங்களை ஒட்டுவதைப் பற்றியும் எனக்குப் பெரிய மதிப்பில்லை. 'முடியாதது எதுவும் இல்லை' என்பதைப் படிக்கிற பிள்ளை, தன்னால் முடியாமல் போனதற்குத் தானே குற்றவாளி என்று முடிவுசெய்துகொள்கிறது.

திட்டத்தின் முதல் வாரத்தில், பிள்ளைகளைச் சேர்க்காமல், ஆசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து செய்ய வேண்டிய பணி ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பின் பெயர்ப்பட்டியலைப் பெரிதாக எழுதி ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வோர் ஆசிரியரும், எந்தப் பிள்ளையைப் பற்றி மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏதாவது தனக்குத் தெரியுமோ, எந்தப் பிள்ளை சிக்கல் வந்தால் தன்னிடம் வரும் என்று நினைக்கிறாரோ, அந்தப் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைக்கட்டும். முதல் மதிப்பெண் வாங்குபவர்களுக்கும் குறும்புக்காரர்களுக்கும் புள்ளிகள் குவிந்திருக்கும். இடையில், தொந்தரவும் செய்யாமல் பரிசும் வாங்காமல், ஒரு புள்ளிகூட இல்லாமல் சில பெயர்கள் நிற்கும். அந்தப் பெயர்களை ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை, பெயர்சொல்லிக் கூப்பிடுவது, வராத நாளுக்கு மறுநாள் "நேற்று ஏன் காணோம்?" என்று கேட்பது, முந்தின வாரம் அவன் சொன்னதை நினைவில் வைத்திருப்பது, இவ்வளவுதான். எந்தப் பெயர் யாருக்கு என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். பட்டியலையும் அன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதில் பாதி சரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாச் சங்கடங்களிலிருந்தும் பிள்ளையைக் காப்பாற்றுவது பிள்ளைக்கு நல்லதல்ல. உங்கள் முதல் மாணவியே அதற்கு எடுத்துக்காட்டு. அவளுடைய வயிற்றுவலி நடிப்பாக இருக்க வேண்டியதில்லை; பதற்றம் குடலை நிஜமாகவே பாதிக்கும், வலியும் நிஜம். முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்து வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். அதன்பின் கவனிக்க வேண்டியது இந்தச் சுழல்: தேர்வு என்றதும் பதற்றம், பதற்றத்தால் வலி, வலிக்காகத் தேர்விலிருந்து விலக்கு, விலக்கு கிடைத்ததும் நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த தேர்வின் பயத்தைப் பெரிதாக்குகிறது, ஏனென்றால் தேர்வைத் தன்னால் எழுத முடியும் என்று கண்டுகொள்ளும் வாய்ப்பு அவளுக்குக் கிடைப்பதே இல்லை. அவளைத் திட்டி உட்காரவைப்பதும் வேலைக்காகாது, ஒவ்வொரு முறையும் படுக்க அனுப்புவதும் வேலைக்காகாது. படிப்படியாகப் போக வேண்டும். முதல் தடவை, கதவருகே உள்ள இருக்கையில் உட்கார்ந்து முதல் இரண்டு கேள்விகளை மட்டும் எழுதட்டும். வேண்டுமானால் ஐந்து நிமிடம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும், ஆனால் திரும்பி வர வேண்டும் என்பது முன்பே பேசிவைத்த உடன்பாடாக இருக்கட்டும். அடுத்த தடவை அரைத் தேர்வு, பிறகு முழுத் தேர்வு. ஒவ்வொரு படியையும் அவளோடு கலந்துபேசியே முடிவுசெய்யுங்கள். வீட்டிலும் இதே முறையைக் கடைப்பிடிக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பள்ளியில் இறுக்கியும் வீட்டில் தளர்த்தியும் போனால் பலன் இருக்காது. பல வாரங்கள் ஆகியும் நகர்வு இல்லையென்றால் வல்லுநர் உதவி தேவை.

அவளுடைய பயத்துக்குப் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதையும் கேட்டுப்பாருங்கள். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள். மதிப்பெண் வரிசையில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும்போது, கடைசியில் அழைக்கப்படப்போகும் பிள்ளைகள் தங்கள் முறை வரும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் வாங்கியதும் மதிப்பெண் இருக்கும் மூலையை மடித்து மறைப்பார்கள். உள்ளே நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருக்கும் ஒரு திருத்தமும் அவர்கள் கண்ணில் படாது. ஓராண்டு முழுக்க மன உறுதி வகுப்பு எடுத்து ஈட்டியதை இந்தப் பத்து நிமிடம் கரைத்துவிடும். தாளை மடித்து, அகரவரிசையில், சத்தமில்லாமல் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அமெரிக்காவில் டேவிட் யேகரும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், திருத்திய கட்டுரையோடு, உன்னிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், அதை உன்னால் எட்ட முடியும் என்று நம்புவதால்தான் இத்தனை திருத்தங்கள் என்ற பொருளில் ஆசிரியர் எழுதிய ஒரு சிறு குறிப்பு, குறிப்பாக ஆசிரியர்மேல் நம்பிக்கை குறைந்த மாணவர்களிடையே, கட்டுரையைத் திருத்தி மீண்டும் எழுதியவர்களின் எண்ணிக்கையைப் பெரிதும் உயர்த்தியது. அந்தக் குறிப்பு தரத்தைத் தளர்த்தவில்லை என்பதை உங்கள் சக ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். அவர்களுடைய கவலைக்கு என்னைவிட அதுவே நல்ல பதில்.

இரண்டாவது மாணவனைப் பற்றி நீங்கள் எழுதியது மிகக் குறைவு. எனவே இரண்டு வழிகளையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாள்களில் சோர்வோ எரிச்சலோ, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், கவனச் சிதறல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பதின்வயதில் மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் சிடுசிடுப்பாகத் தெரிவது உண்டு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இன்னொரு சாத்தியம், அவன் விலகவில்லை, விலக்கப்பட்டிருக்கிறான் என்பது. துன்புறுத்தல் வகுப்பறையில் நடப்பதைவிட, ஆசிரியர் கண்ணில் படாத இடங்களில்தான் அதிகம் நடக்கும்: கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், பேருந்தின் பின் இருக்கை, இரவில் கைப்பேசிக் குழுக்கள். இடைவேளையில் அவன் எங்கே நிற்கிறான், குழுவாகப் பிரியச் சொன்னால் யார் பக்கம் போகிறான், கழிப்பறைக்குப் பாடவேளை நடுவில் மட்டும்தான் அனுமதி கேட்கிறானா என்று ஒரு வாரம் பாருங்கள். கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போகிறான் என்றால் அங்கே யாருக்கோ பயப்படுகிறான் என்று பொருளாக இருக்கலாம். அப்படி இருந்தால் இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்லாதீர்கள். வலுவானவன் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெளியே போய் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்வான்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 13 முதல் 18 வயதினருக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பருவமாற்றத்தில் உடலின் கடிகாரமே பின்னுக்கு நகர்ந்து, தூக்கம் தாமதமாகவே வருகிறது. அதிகாலைச் சிறப்பு வகுப்பும் ஒரே வாரத்தில் மூன்று பாடங்களின் ஒப்படைப்புகளும் சேர்ந்தால் அந்த 8 மணி நேரத்துக்கு இடமே இல்லை. தேர்வுகளையும் ஒப்படைப்புகளையும் ஒரே நாள்காட்டியில் குறித்து, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஆசிரியர்கள் பேசி வைத்துக்கொள்வதற்குச் செலவு எதுவும் இல்லை.

உங்களுக்கென்று ஒன்று. இத்தனை பிள்ளைகளின் துயரத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் நாளில், பெயர்களைச் சொல்லாமலாவது, பேசிக் கொட்ட உங்களுக்கும் ஒருவர் வேண்டும். அதையும் திட்டத்தில் எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள்.

தலைமையாசிரியரிடம் கொடுக்கும் திட்டம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆபத்து அறிகுறி தெரிந்தால் யார் யாரிடம் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வது என்பது முதலில் இருக்கட்டும். அதில் பதவிப் பெயர்களை எழுதாமல் ஆட்களின் பெயர்களையும், அவர்கள் விடுப்பில் இருந்தால் மாற்று யார் என்பதையும் எழுதுங்கள். அடுத்து ஆலோசகருக்கான கோரிக்கை, பெயர்ப்பட்டியல் பணி, தேர்வு நாள்காட்டி, விடைத்தாள் கொடுக்கும் முறை. கடைசியாகத்தான் வாராந்தர வகுப்பு. பலன் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பெயர் எழுதாத தாளில் மாணவர்களிடம் இரண்டே கேள்விகள் போதும்: "இந்தப் பள்ளியில் உனக்கு ஒரு சிக்கல் வந்தால் போய்ச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா?", "பள்ளியில் எந்த இடத்துக்குப் போக உனக்குப் பயமாக இருக்கிறது?" இவற்றை ஆண்டு முடிவில் மட்டும் கேட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஆகவே முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு முறை கேட்டு, தாள்களைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள்.